பயிற்சிப் பாடலும் மேடைப் பாடலும்: பெங்களூரின் கிட்டார், டிரம்ஸ் வகுப்புகளை முன்வைத்து

எலெக்ட்ரிக் கிட்டாரோ டிரம்ஸோ கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் எந்தப் பாடலை வாசிக்க வேண்டும் என்ற கேள்வி, விருப்பம் சார்ந்த சிறு விஷயமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. பிடித்த பாடலை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு விடை. தரத்தேர்வின் பாடத்திட்டத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு விடை. பெங்களூரின் இசை வகுப்புகளில் இவ்விரண்டும் வழக்கில் உள்ளன, இரண்டுமே போதாதவை. ராக் இசைக்கு முறைநூல்கள் பல உண்டு. ஆனால் எல்லா ஆசிரியரும் ஏற்று, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்த தொடக்கப் பாடவரிசை என ஒன்று இல்லை. அந்த வரிசை செய்ய வேண்டிய வேலை முழுவதும் பாடல் தேர்வின் தலையில் வந்து விழுகிறது. ஆகவே இதைக் கல்விச் சிக்கலாக அணுகுவதே பொருத்தம்.

கர்நாடக இசை இச்சிக்கலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. அம்மரபு அப்பியாச கானம், சபா கானம் என இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறது. முன்னது பயிற்சிக்குரியது, பின்னது அவைக்குரியது. ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எனப் படிப்படியாக ஏறி, இரண்டுக்கும் பாலமாக நிற்கும் வர்ணத்தை அடைந்து, அதன் பிறகே மாணவர் கீர்த்தனைக்குள் நுழைகிறார். இவ்வரிசையை வகுத்தவராக மரபு போற்றுவது, கன்னடத்தில் பாடிய புரந்தரதாசரை (1484–1564). தொடக்கப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்தவரும் அவரே என்பது மரபுச் செய்தி. கவனிக்க வேண்டியது இதுதான்: ஸரளி வரிசையை யாரும் கச்சேரியில் பாடுவதில்லை. அதற்கு ஒரே ஒரு வேலை. குரலையோ விரலையோ அடுத்த படிக்குத் தயார்ப்படுத்துவது. அதையும் மூன்று காலங்களில், ஒரே பாடத்தை வேகம் இரட்டித்து இரட்டித்துச் செய்ய வைப்பது.

ராக் இசையின் பிறப்பு வேறு. அது இசைத்தட்டைக் கேட்டு, ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து, காதால் கற்றவர்கள் வளர்த்த கலை. அங்கே மேடைப் பாடலே பயிற்சிப் பாடலும் ஆயிற்று. பெங்களூரில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபரில் மெட்டாலிக்காவும் அரண்மனை மைதானத்தில் வாசித்த நகரம் இது. 1996இல் தோன்றிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் போன்ற இசைக்குழுக்களை வளர்த்ததும், அக்குழுவினரே பின்னர் இசைப்பள்ளி ஒன்றைத் தொடங்கியதும் இங்கேதான். இத்தகைய கேட்பு மரபில் வளரும் மாணவர் முதல் நாளே மேடையின் உச்சப் பாடலைக் கேட்பது இயல்பு. ஆனால் அதையே முதல் பாடமாக்குவது, ஸரளி வரிசையைத் தாண்டிப் பெரிய கீர்த்தனைக்குத் தாவுவதற்கு ஒப்பானது.

எடுத்துக்காட்டாக, மெட்டாலிக்காவின் இரண்டு பாடல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) நிமிடத்திற்கு 200 அடிக்கு மேற்பட்ட வேகத்தில், பிக்கைக் கீழ்நோக்கி மட்டுமே இழுத்து வாசிக்கப்படுவது. தேர்ந்த கைகளையே களைப்படையச் செய்யும் அதைத் தொடக்க மாணவருக்குத் தந்தால், மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமே மிஞ்சும். 'என்டர் சாண்ட்மேன்' (1991) நிமிடத்திற்குச் சுமார் 123 அடி. இதன் முதன்மை ரிஃப், உள்ளங்கையால் நரம்பை அமுக்கி வாசிக்கும் ஒரு நுட்பத்தைத் தெளிவாகக் கற்பிக்கிறது. இரண்டும் ஒரே குழுவினுடையவை. மாணவரின் ஆசை இரண்டிலும் நிறைவேறும். பயிற்சிப் பாடலாகத் தகுதி பெறுவது ஒன்றே.

இதிலிருந்து முதல் அளவுகோல் கிடைக்கிறது. பயிற்சிப் பாடலில் புதிய கடினம் ஒன்றே இருக்க வேண்டும். வேகம் புதிதென்றால் கோர்டுகள் பழகியவையாக இருக்கட்டும். கோர்டு புதிதென்றால் தாளம் எளிதாக இருக்கட்டும். இரண்டாவது, பாடலை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க இயல வேண்டும். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' (1972) பாடலின் தொடக்க ரிஃபை வாசிக்கத் தெரிந்தவர்கள் எண்ணற்றோர். பாடலை முடிக்கத் தெரிந்தவர்கள் சிலர். நான்கு சுரங்களுக்குள் அடங்கும் அந்த ரிஃப் எளிது என்பதாலேயே மாணவர் அதோடு நின்றுவிடுகிறார். இப்படி இருபது பாடல்களின் தொடக்கங்களைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு ஒரு பாடலின் போக்கு, திருப்பம், ஓய்வு எதுவும் கைவருவதில்லை.

மூன்றாவது அளவுகோலே பெரிதும் புறக்கணிக்கப்படுவது: ஒரே பாடல் கிட்டார் மாணவருக்கும் டிரம்ஸ் மாணவருக்கும் ஏறத்தாழ ஒரே நிலையில் பொருந்த வேண்டும். ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' (1980) இதற்கு நல்ல சான்று. நிமிடத்திற்குச் சுமார் 93 அடி என்னும் நிதான நடை. கிட்டாரின் அடித்தளம் இ, டி, ஏ என்னும் மூன்று கோர்டுகள். அவற்றுக்கிடையே நீண்ட மௌனங்கள். டிரம்ஸில் பில் ரட் வாசிப்பது மிகச் சிக்கனமான அடிப்படை நடை. ஸ்நேர் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் விழுகிறது. இருவருமே அந்த மௌனத்தில் அவசரப்படாமல் காத்திருக்கக் கற்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கிட்டார் மாணவர் கோர்டுகளுக்கு இடையில் வரும் வேகமான சுரக்கோவையைச் சேர்க்கலாம். பின்னொரு நாள் தனி ஆவர்த்தனப் பகுதியைத் தொடலாம். பாடல் ஒன்றே, அடுக்குகள் மூன்று. மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாடலில் லியோன் சான்சிலர் வாசித்த டிரம்ஸ் நடையும் இத்தகையது. தாளில் எழுதினால் ஒரு வரி. பாடல் முழுவதும் சிறிதும் ஆடாமல் காப்பாற்றுவதோ கடும் பயிற்சி.

இந்த மூன்றாம் அளவுகோல் பெங்களூருக்குத் தனியாக முக்கியமானது. அடுக்குமாடிக் குடியிருப்பில் டிரம்ஸின் ஓசையை அண்டை வீட்டார் பொறுப்பதில்லை. எனவே மாணவர் ரப்பர் அட்டையிலோ எலெக்ட்ரானிக் டிரம்ஸிலோ ஹெட்போன் மாட்டிப் பயில்கிறார். கிட்டார் மாணவரும் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை ஹெட்போனுக்குள் அடைத்துவிடுகிறார். ஒரே கட்டடத்தில், ஒரே பாடத்தை, ஒருவரை ஒருவர் கேளாமல் இருவர் ஆண்டுக்கணக்கில் கற்க முடியும். தரத்தேர்வுகளும் இதை மாற்றுவதில்லை. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் தேர்விலும், ராக்ஸ்கூல் தேர்விலும் மாணவர் ஒரு தரத்திற்கு மூன்று பாடல்களை வாசிக்கிறார். பெரும்பாலும் முன்பே பதிவு செய்யப்பட்ட பின்னணி இசை துணைக்கு ஒலிக்கிறது. அது தவறாது, தயங்காது, எவருக்காகவும் காத்திருக்காது. சக மனிதர் வேகம் கூட்டும்போது அவரை இழுத்துப் பிடிப்பதும், தவறும்போது தாங்குவதும் அந்த ஒலிப்பதிவிடம் கற்க இயலாதவை. கூட்டிசையாகவே பிறந்த ஒரு கலையில் இது சிறிய குறையன்று.

இத்தேர்வுகளைக் குறை சொல்வது மட்டும் நியாயமாகாது. ஒழுங்கற்றுக் கிடந்த கற்றலுக்கு அவை ஒரு படிநிலையைத் தந்தன. ராக் இசையைப் பொழுதுபோக்காகக் கருதிய பெற்றோர் அதைக் கல்வியாக மதிக்கவும் வழிசெய்தன. சிக்கல், மூன்று பாடல்களே ஓராண்டின் பாடமாகச் சுருங்கும்போது எழுகிறது. பட்டியல் என்பது குறைந்தபட்சத் தேவை. அதுவே முழுப் பாடத்திட்டமாக மாறுவது வகுப்பறையின் தவறு. மேலும், விதிகளுக்கு உட்பட்டு மாணவர் தம் சொந்தத் தேர்வாக ஒரு பாடலை வைக்கவும் இத்தேர்வுகள் இடம் தருகின்றன. அந்தச் சலுகையை எத்தனை ஆசிரியர் உள்ளூர்ப் பாடலுக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நான்காம் அளவுகோல் இங்கிருந்தே தொடங்குகிறது. காதுக்கு முன்பே தெரிந்த பாடலில், தவறு நேர்ந்த கணமே மாணவருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர் அருகில் இல்லாத ஆறு நாட்களிலும் காதே ஆசிரியராக இருக்கும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் காதில் என்ன இருக்கிறது என்பதை ஆங்கிலப் பட்டியல்கள் கேட்பதில்லை. 'கீதா' (1981) என்னும் கன்னடப் படத்திற்காக இளையராஜா அமைத்த 'ஜொதெயலி' மெட்டு, பின்னர் தமிழில் 'நூறாவது நாள்' (1984) படத்திலும் ஒலித்தது. கன்னட வீட்டிலும் தமிழ் வீட்டிலும் அறியப்பட்ட மெட்டு. கிட்டாரில் மெட்டை வாசிக்க ஒருவர், நடையைப் பிடிக்க ஒருவர் என இருவர் அமர்ந்தால் அது சிறந்த பயிற்சிப் பாடலாகும். தமிழ்த் திரையின் துள்ளலான ஆறு எண்ணிக்கை நடை உடம்பிலேயே ஊறிய பிள்ளைக்கு, முதல் இரண்டாண்டுகள் நான்கு எண்ணிக்கை மட்டுமே கற்பிக்கப்படுவது அவரிடம் உள்ள செல்வத்தைக் கணக்கில் எடுக்காத செயல்.

உள்ளூர் மரபு தருவது பாடல்களை மட்டுமன்று. மாயாமாளவகௌளையின் ஸ-ரி-க-ம, ப-த-நி-ஸ என்னும் இரு பாதிகளும் ஒரே இடைவெளி அமைப்பு உடையவை. கிட்டார் தந்தியில் ஒரு பாதிக்குப் பழகிய விரலமைப்பை மறு பாதிக்கு அப்படியே நகர்த்தலாம். தொடக்கப் பாடத்திற்கு அந்த ராகம் பொருந்துவதன் காரணம் கிட்டாரின் ஃபிரெட்டில் கண்ணுக்கே தெரிகிறது. 1962இல் டிக் டேல் எலெக்ட்ரிக் கிட்டாரில் அதிவேகமாக வாசித்துப் புகழ் பெற்ற 'மிஸிர்லூ'வும் இதே சுரவரிசையில் அமைந்ததுதான். ஸரளி வரிசையை மெட்ரோனோமுடன் மூன்று காலத்தில் வாசிக்கும் மாணவர், தம்மை அறியாமலேயே அந்தப் பாடலுக்கான விரல்களைத் தயார் செய்கிறார்.

டிரம்ஸுக்குக் கொன்னக்கோல் அதே உதவியைச் செய்யும். அயர்ன் மெய்டனின் 'த ட்ரூப்பர்' (1983) பாடலில் கேட்கும் குதிரைப் பாய்ச்சல் நடையைப் பல மாணவர் எண்ணிக்கையால் பிடிக்கத் திணறுவர். 'தகதிமி' என்பதில் இரண்டாம் எழுத்தை ஒலிக்காமல் விட்டால் கிடைப்பது அதே நடை. வாய் சொன்னதைக் கை எளிதில் செய்யும். பெங்களூரில் 1964 முதல் இயங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் இக்கலையை உலகறியச் செய்த நிறுவனம், டி.ஏ.எஸ். மணியும் ஆர்.ஏ. ரமாமணியும் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து வழங்கிய 'ஜ்யோதி' 1983இல் வெளிவந்தது. அத்தகைய மரபு உள்ள நகரத்தில் டிரம்ஸ் வகுப்புகள் கொன்னக்கோலை அறியாமல் நடப்பது வியப்புக்குரியது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கர்நாடக முறையே சலிப்பூட்டுவது. வரிசைகளிலேயே ஆண்டுகள் கழிந்து பாடலைத் தொடாமலே விலகியவர்கள் பலர். அம்முறை யாருக்கெல்லாம் வாய்த்தது என்ற கேள்வியும் உண்டு என்பது ஒன்று. இவை உண்மையே. எனவே ராக் வகுப்பு அம்முறையை அப்படியே பெயர்த்து நட வேண்டியதில்லை. ஒரு பாடம் எந்த வேலைக்காக வைக்கப்படுகிறது என்று கேட்கும் அதன் தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பிடித்த பாடலை மறுத்தால் மாணவர் வகுப்பையே விட்டுவிடுவார் என்பது மற்றொன்று. பிடித்த பாடலை மறுக்கத் தேவையில்லை. அதன் எளிய அடுக்கை இன்று தந்து, மற்ற அடுக்குகளுக்கு நாள் குறித்துவிடலாம். தெளிவான வழி தெரிந்தால் மாணவர் காத்திருப்பார்.

நடைமுறையில் வேண்டியது பெரிய சீர்திருத்தம் அன்று. முதல் ஆண்டுக்குப் பத்துப் பாடல்கள் போதும். அவற்றில் பாதியை ஆசிரியரும் பாதியை மாணவரும் தேரட்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் அது கற்பிக்கும் ஒரே ஒரு புதிய திறனை எழுதி வைக்க வேண்டும். எழுத முடியாவிட்டால் அப்பாடலைத் தள்ளிவைக்கலாம். மூன்றேனும் கன்னடத்திலோ தமிழிலோ மாணவரின் வீட்டு மொழியிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை கிட்டார் மாணவரும் டிரம்ஸ் மாணவரும் ஒரே அறையில், ஹெட்போன் இல்லாமல், ஒரு பாடலை முதலிலிருந்து முடிவுவரை சேர்ந்து வாசிக்க வேண்டும். நடுவில் தடுமாறினாலும் நிறுத்தக் கூடாது என்பது ஒன்றே விதி.