பீடியும் பொய்ச் சாட்சியமும்



சென்ற மாதம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் பெரியவர் ஒருவர் என் அருகில் அமர்ந்தார். நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கையில் காசநோய் மாத்திரைகள். சட்டைப் பையிலோ பீடிக்கட்டு! "மில் தூசிதான் ஹஜ்ரத் என் நெஞ்சைக் கெடுத்தது. பீடி என்ன செய்தது?" என்றார்.

பஞ்சுத் தூசி தீங்கானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புகைக்கும் காசநோய் மரணத்திற்கும் உள்ள தொடர்பு நம் தமிழ்நாட்டிலேயே விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும், சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டனர். காசநோயால் இறக்கும் ஆபத்து, புகைத்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம்! கிராமத்தார் புகைத்தது பெரும்பாலும் பீடியே. 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இவ்வாய்வு வெளிவந்தது. புற்றுநோய் மரணங்களும் அதில் கணக்கிடப்பட்டிருந்தன.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பாருங்கள். புகையிலை உறைகளில் எச்சரிக்கைப் படத்தை 85 விழுக்காடாகப் பெரிதாக்கும் விதி 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வரவிருந்தது. அதனைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவுமில்லை என்றார். குழுவின் உறுப்பினர்களுள் ஒருவரான சியாமா சரண் குப்தாவோ பீடித் தொழிலதிபர்! விதி ஓராண்டு தள்ளிப்போயிற்று.

இது பழைய தந்திரம்தான். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் செய்து, தீங்கு நிரூபிக்கப்படவில்லை, ஆராய்ச்சிக்கு நாங்களே உதவுகிறோம் என்று வாக்களித்தன. பல்லாண்டுகளாக அவை மக்களை ஏமாற்றின என்று 2006இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதிவாதியே சாட்சிக்குக் கூலி கொடுத்தால் எந்தக் காஜி அதனை ஏற்பார்?

நம் நாட்டுப் பீடி முதலாளிகள் ஆராய்ச்சியைவிட, பீடி சுற்றும் பெண்களின் வயிற்றுப்பாட்டையே முன்னிறுத்துவார்கள். அந்த வாதத்தை மட்டும் பொய்யென்று ஒதுக்க எனக்குத் துணிவில்லை. ஏனெனில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குமுன் பெரியவர் சொன்னார்: "மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் பீடி சுற்றித்தான் பேரனைப் படிக்கவைக்கிறாள், ஹஜ்ரத்."

இன்றே புகைப்பதை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல முடிந்தது. மகளுக்குச் சொல்ல வேறு தொழில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. உங்கள் ஜமாஅத்தில் யாரேனும் அத்தகைய பெண்களுக்கு மாற்றுத்தொழில் ஏற்படுத்திக் கொடுத்திருந்தால், விவரமாக எழுதுங்கள்.