குழாய் உடையுமுன் ஆள் வேண்டும்

மழைக்கால இரவொன்றில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டால் வட்டகொடையில் யாரைக் கூப்பிடுவது? தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து நான்காயிரம் அடிக்கு மேலே உள்ள ஊர் இது. பிளம்பர் இருப்பது நகரத்தில். பனியும் மழையும் மண்சரிவுப் பயமும் உள்ள இரவில் அவர் மலையேறி வருவாரென்று எதிர்பார்க்க முடியாது. வந்தாலும் ஆட்டோச் செலவும் கூலியும் ஏழைக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல.

காணி பூமியை விட்டு இடம்பெயர்ந்து இம்மலைகளில் குடியேறிய விவசாயக் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய கஷ்டம். வன்னியில் இருந்தவர்களுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே கிணறு இருந்தது. துலாவோ கப்பியோ பழுதானால் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். இங்கோ தண்ணீர் மலையுச்சியிலுள்ள ஊற்றில் பிறந்து, தொட்டியில் தங்கி, தேயிலை மலையையும் பாதையையும் பிறர் காணியையும் கடந்து குழாய் வழியே பீலிக்கு வருகிறது. எங்கே உடைந்தது என்று தேடுவதற்கே அரை நாள் போய்விடும். புதிதாக வந்தவர்களின் வீடுகள் பெரும்பாலும் குழாயின் கடைசியில்தான் இருக்கும். தண்ணீர் முதலில் நிற்பதும் கடைசியாக வந்து சேர்வதும் அவர்களுக்கே.

இம்மலைகளின் நீர் நாட்டுக்கே ஒளி கொடுக்கிறது. கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்டது. அதற்காக வயலையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. தலவாக்கலையில் அணை கட்டி 2012இல் முடிக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது. இத்தனை நீர் பிறக்கும் இடத்தில் ஒரு சொக்கெட் இல்லாத குறையால் தாய்மார் குளிரில் குடத்துடன் ஓடைக்கு இறங்குவது நியாயமா?

இது யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைச் சொல்கிறது. சபை தோட்டத்தைச் சொல்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நெடுங்காலம் இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். அச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. எனவே அந்தப் பழைய பதிலை இனி ஏற்க வேண்டியதில்லை. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்களிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் உடைந்தால் 1939 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். மண்சரிந்து ஆபத்து ஏற்பட்டால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஆனால் நமது ஊற்றுக் குழாய்களில் பல அச்சபைக்குச் சொந்தமானவை அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பாதைகளும் பாலங்களும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே அறுந்தன. அந்நாட்களில் எந்த இலக்கமும் உதவவில்லை. பக்கத்து வீட்டாரின் கையே உதவியது.

ஆகவே நமது கருத்து இதுதான்: அவசர உதவி வெளியிலிருந்து வரும் என்று காத்திராமல் ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கென ஒரு குழாய் ஆளை, பெண்ணாயினும் ஆணாயினும், இப்போதே உருவாக்க வேண்டும். மரணாதார சங்கத்துக்கு நாம் மாதந்தோறும் சந்தா கட்டுகிறோம். சாவு வரட்டும், பிறகு பணம் சேர்க்கலாம் என்று யாரும் இருப்பதில்லை. தண்ணீருக்கு மட்டும் ஏன் அப்படி இருக்கிறோம்?

இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு ஹெக்சோ வாள், பி.வி.சி. பசை, நமது குழாயின் அளவுக்கேற்ற சொக்கெட்டுகள், எல்போக்கள், ஒரு வால்வு, இரண்டு நீளக் குழாய், டோர்ச் லைட், பழைய சைக்கிள் டியூப் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்து, எல்லோருக்கும் தெரிந்த வீட்டில் ஒப்படைக்கலாம். ஊற்று, தொட்டி, வால்வுகள் இருக்கும் இடங்களைக் கடதாசியில் வரைந்து அந்தப் பெட்டியிலேயே வைக்க வேண்டும்.

வேலை முறையையும் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. முதலில் உடைப்புக்கு மேலேயுள்ள வால்வை மூட வேண்டும். சிறிய வெடிப்பானால் டியூபை இறுக்கிச் சுற்றி விடியும்வரை சமாளிக்கலாம். விடிந்ததும் பழுதான துண்டை வெட்டி எடுத்து, முனைகளை நன்றாகத் துடைத்து உலர்த்திய பின்பே பசை பூச வேண்டும். ஈரத்தில் பசை பிடிக்காது. குளிரில் அது இறுகவும் கூடுதல் நேரம் எடுக்கும். பலமுறை ஒட்டிய இடமே மீண்டும் கழன்றுவிடுவதற்கு அவசரப்பட்டுத் தண்ணீரைத் திறப்பதே காரணம். திறக்கும்போதும் மெல்லத் திறக்க வேண்டும். கலங்கிய நீர் போகும்வரை ஓடவிட்டு, பிறகு வரும் நீரையும் நன்றாகக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் காலப்போக்கில் நொறுங்கும். அதைப் புதைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். மண் நகரும் சரிவில் இரவில் தனியாக யாரும் ஏறக்கூடாது. ஒரு நாள் தண்ணீரை விட உயிர் பெரிது.

கனடாவில் குளிர்காலத்தில் குழாய்க்குள் நீர் உறைந்து விரிவதால் குழாய் வெடிப்பதுண்டு. அதனால் வீட்டின் பிரதான வால்வு எங்கே என்று ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்குமாறு அங்கே அறிவுறுத்துகிறார்கள். நமக்கும் அந்த வழக்கம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இடம்பெயர்ந்து வந்தவர்களை நீர்ச் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்க்காமல், “கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று நடத்தும் இடங்கள் உண்டு. சந்தா கட்டும் குடும்பத்துக்குக் கூட்டத்தில் பேசவும் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு. முன்பே இருந்தவர்கள் இதை உணர வேண்டும். வந்தவர்களும் தயங்காமல் சிரமதானத்துக்கு மண்வெட்டியுடன் முன்னே போக வேண்டும். சேர்ந்து குழாய் புதைத்தவர்களிடையே “வந்தவர், இருந்தவர்” என்ற பேச்சு அதிக நாள் நிலைக்காது.

புதிய தொட்டி கட்டினால் திறந்து வைக்கப் பலர் வருவார்கள். உடைந்த குழாயை ஒட்ட யாரும் வருவதில்லை. வரும் மழைக்கு முன் உங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம் வையுங்கள். ஒருவரைத் தெரிவு செய்யுங்கள், பெட்டியை வாங்குங்கள், படத்தை வரையுங்கள். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.