சம்பளம்: பூஜ்யம்

ராத்திரி பதினோரு மணிக்குப் பழைய நண்பன் போன் செய்தால் ஒன்று கடன் கேட்பான், இல்லை கல்யாணப் பத்திரிகை அனுப்ப அட்ரஸ் கேட்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டவன் இரண்டையும் கேட்கவில்லை.

"மச்சான், நீ பி.காம்.தானே?"

பதினைந்து வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கொஞ்சம் நெகிழ்ந்துபோய் "ஆமாண்டா" என்றேன்.

"அப்ப ஒரு பட்ஜெட் போட்டுக் குடு. அம்பது லட்சத்துக்கு."

நான் போட்ட பெரிய பட்ஜெட் எல்லாம், இருபதாம் தேதிக்கு மேல் பைக்கில் போவதா பஸ்ஸில் போவதா என்கிற அளவில்தான். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன்.

நண்பன் ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் செய்கிற சர்வீஸ் இன்ஜினீயர். அவன் அப்பாவை ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அவனும் அம்மாவும் முறை வைத்து டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய வார்டு, ராத்திரிக்கு ஒரே ஒரு நர்ஸ். விடிகாலை மூன்று மணிக்கு இரண்டு பேருமே கண் அசந்துவிட்டார்கள். விழித்துப் பார்த்தால் பாட்டில் காலி. டியூபில் ரத்தம் மேலே ஏறியிருக்கிறது. நர்ஸ் ஓடிவந்து சரிசெய்தார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, காபியில் சர்க்கரை இல்லை என்று சண்டையும் போட்டார். ஆனால் இவனுக்குத்தான் அந்தச் சிவப்பு டியூப் கண்ணை விட்டுப் போகவில்லை.

மேஜைமேல் தீப்பெட்டி அளவில் ஒன்று வைத்திருந்தான். டிரிப்ஸ் பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழுகிற குழலில் அதைக் கிளிப் போல மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் அகச்சிவப்புக் கதிரைத் தாண்டும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணும். சாதாரண டிரிப்ஸ் செட்டில் இருபது சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி பாட்டிலுக்குப் பத்தாயிரம் சொட்டு. முடியப்போகிறது என்றால் 'பீப்'. பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறதே என்றேன். "எல்லாக் கட்டிலுக்குமா இருக்கு?" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

"பணம் யாரு தருவா?"

"கவர்ன்மென்ட். திருப்பித் தர வேண்டாம்."

கவர்ன்மென்ட், பணம், திருப்பித் தர வேண்டாம். இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் வணிகவியல் படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் விசாரித்ததில் விஷயம் நிஜம்தான்.

*

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1977-ல் அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்கிற அதிகாரி, சின்னக் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அது பிடித்துப்போய் 1982-ல் ரீகன் கையெழுத்தில் சட்டமே ஆயிற்று. பெயர் எஸ்.பி.ஐ.ஆர். வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் பெரிய அரசுத் துறைகள் அதில் ஒரு பங்கை, 500 பேருக்கு மேல் வேலை செய்யாத கம்பெனிகளுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் 0.2 சதவீதம். 2017-ல் அது 3.2 ஆனது.

பணத்தை மொத்தமாகக் கொட்ட மாட்டார்கள். முதல் கட்டத்தில், 'இது நடக்குமா?' என்று பார்க்கக் கொஞ்சம். நடக்கும் என்றால் இரண்டாம் கட்டத்தில் செய்து பார்க்க நிறைய. மூன்றாம் கட்டம் சந்தை. அதற்கு இந்தத் திட்டத்தில் காலணா கிடையாது, உன் சாமர்த்தியம். மருத்துவ ஆராய்ச்சிக்கான என்.ஐ.எச். வழியாக இப்படிப் பணம் வாங்கிய ஒரு சின்னக் கம்பெனி செய்ததுதான் சோனிகேர் என்கிற மின்சார டூத் பிரஷ். 1992-ல் கடைக்கு வந்தது. 2000-ல் அந்தக் கம்பெனியையே பிலிப்ஸ் வாங்கிவிட்டது. பல் விளக்கியே பணக்காரர் ஆகலாம்!

நம் ஊரிலும் 2005-ல் உயிரித் தொழில்நுட்பத் துறை, எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்று கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2012-ல் இதற்கென்றே பைராக் என்ற அரசு நிறுவனம் வந்தது. அதன் 'பிக்' மானியத்தில் ஒரு யோசனைக்கு 50 லட்சம் வரை தருகிறார்கள், பதினெட்டு மாதத்துக்கு. நிபுணர்கள் பரிசீலித்து, குறித்த வேலையை முடித்தால்தான் அடுத்த தவணை.

இதையெல்லாம் பேங்கில் கேட்கலாமே என்பீர்கள். பேங்க் அடமானம் கேட்கும். முதலீட்டாளர் விற்பனை கேட்பார். நண்பனிடம் இருந்தது ஒரு தீப்பெட்டியும், தூக்கம் கெட்ட ஒரு ராத்திரியும். இரண்டையும் அடமானம் வாங்க ஆளில்லை. யோசனைக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற இந்த இடத்துக்குத் தொழில் உலகத்தில் 'மரணப் பள்ளத்தாக்கு' என்று பெயராம்.

*

பட்ஜெட் போட உட்கார்ந்தோம். பி.காமில் ஏ.எஸ். 12 என்று ஒன்று மனப்பாடம் செய்தேன். அரசு மானியத்தைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்கிற விதி. பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன். அது பதினைந்து வருஷம் காத்திருந்து பழிவாங்கியது.

மானியம் இலவசம் இல்லை சார். செலவு செய்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் அதற்கு 12-ஏ என்று ஒரு ஃபாரமே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மானியப் பணம் பேங்கில் சும்மா கிடந்து வட்டி போட்டால், அந்த வட்டியை அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்ட வேண்டும். கடனுக்கு வட்டி கட்டித்தான் நமக்குப் பழக்கம். தானத்துக்கும் கட்டுவதை அன்றுதான் பார்த்தேன்.

சென்சாருக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு, லைசென்சுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்து 'நிறுவனர் சம்பளம்' என்ற இடத்தில் நின்றோம்.

"பூஜ்யம்னு போடுடா. தியாகின்னு நினைப்பாங்க" என்றேன் நான். போட்டோம். அவன் வேலையையும் விட்டான்.

விண்ணப்பித்த இடத்தில் நிபுணர் குழு கூப்பிட்டது. சொட்டு, கதிர், கணக்கு எல்லாவற்றுக்கும் பயல் டக் டக்கென்று பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம்: "தம்பி, பதினெட்டு மாசம் எப்படிச் சாப்பிடுவீங்க?"

இவன் முழித்தான். சாப்பிட வழி சொல்லாதவன் நாலாம் மாசம் வேறு வேலைக்குப் போய்விடுவான், அரசாங்கப் பணம் பாதியில் நிற்கும். அவர் கவலை நியாயம்தான். நிராகரித்துவிட்டார்கள். நான் போட்ட பூஜ்யம், அவன் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். ஹாலில் நண்பன் தீப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு தனியார் பேங்கில் வேலை. கழுத்தில் செயின் இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு.

"அண்ணா, அந்த பட்ஜெட்ட நானும் படிச்சேன். சென்சாருக்கு ஒரு வரி இருக்கு, கூரியருக்குக்கூட ஒரு வரி இருக்கு. இந்த வீடு என் சம்பளத்துல ஓடுது. அது எந்த வரியில இருக்கு?"

காபி தொண்டையில் நின்றது.

*

இரண்டாவது தடவை புதுசாக எழுதினோம். நிறுவனர் சம்பளமாக ஒரு நியாயமான தொகை. அதற்குக் கீழே, 'குடும்பச் செலவு: மனைவியின் சம்பளத்திலிருந்து' என்று தனியாக ஒரு வரி. மானியம் கிடைத்தது. முதல் தவணை வந்த அன்று நண்பன் ஸ்வீட் வாங்கினான். அதை மானியக் கணக்கில் எழுதாதே என்று நான்தான் தடுத்தேன்.

இப்போது எதிக்ஸ் கமிட்டி அனுமதியோடு ஒரு நர்சிங் ஹோமில் ஆறு கட்டிலில் தீப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறது. பேஷன்ட் புரண்டு படுத்தாலும் கத்துகிறது என்று நர்ஸுகள் புகார். அதைச் சரிசெய்தால்தான் இரண்டாம் தவணை. ஜெயிக்குமா? தெரியாது. தெரிந்தால் பேங்கே கொடுத்திருக்குமே! தெரியாததற்குக் கொடுப்பதற்குத்தான் இந்த மானியமே.

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்கள் டிராயரிலும் ஒரு தீப்பெட்டி இருக்கலாம். இருந்தால், விண்ணப்பம் போடுங்கள். வேலையை மட்டும் பணம் வரும் முன்னால் விடாதீர்கள். பூஜ்யம் போடாதீர்கள். என்னிடம் பட்ஜெட் கேட்காதீர்கள்.

அந்தப் புது வரியில் நான் தொகையை எழுதும்போது அவன் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் யாருண்ணா தருவாங்க?" என்றாள்.

நான் வெறும் பி.காம். அந்த ஃபாரம் எங்கள் பாடத்தில் இல்லை.