எல்லா மெயிலையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள்

"நாலு மெயில் ஐடி இருக்கிறதா? எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்." பனியன் கம்பெனி நடத்துபவர் கேட்டாலும், சிறுபத்திரிகை ஆசிரியர் கேட்டாலும், கல்லூரிப் பேராசிரியர் கேட்டாலும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனை இதுதான். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "சொந்தமாக மெயில் வைத்துக்கொள்வதெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாத வேலை." முதல் யோசனை கெடுதல் செய்கிறது. இரண்டாவது, அந்தக் கெடுதலிலிருந்து வெளியே வரும் வழியை மறைக்கிறது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மெயில் சர்வர் நடத்துவது கடினம்தான். பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் அனுப்பும் 25ஆம் எண் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன. உங்கள் ஐபி முகவரியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயரை நீங்கள் சுமக்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்றையும் டொமைனில் சரியாக எழுதியாக வேண்டும். தனி ஆள் இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மெயிலைப் பிரவுசரில் பார்க்க உதவும் வெப்மெயிலை நிறுவிக்கொள்வது இந்தக் கணக்கிலேயே வராது. அஞ்சலகம் நடத்துவது வேறு, வந்த கடிதங்களைப் படித்துப் பதில் எழுத வீட்டில் ஒரு மேசை போட்டுக்கொள்வது வேறு. முன்னதன் சிரமங்களைச் சொல்லிப் பின்னதைத் தடுப்பதுதான் இங்கே நடக்கிறது.

இப்படி மேசை மட்டும் போட்டுக்கொள்ளும் வழி புதிதும் அல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986இல் ஐமேப் முறையை வடிவமைத்தார். மெயில் அதனதன் சர்வரிலேயே இருக்கும். அதை எந்த மென்பொருளிலிருந்தும் திறந்து பார்க்கலாம், வரிசைப்படுத்தலாம், அழிக்கலாம். மெயில் இருக்கும் இடமும் அதைப் பார்க்கும் இடமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை என்பது அன்றே தீர்ந்துபோன விஷயம்.

இப்போது ஃபார்வர்டுக்கு வருவோம். அது தீங்கில்லாத வசதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒரு வங்கி உங்கள் கம்பெனி முகவரிக்கு மெயில் அனுப்புகிறது. 'எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி' என்று அந்த வங்கி தன் டொமைனில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங் சர்வர் அதை அப்படியே ஜிமெயிலுக்குத் தள்ளிவிடுகிறது. ஜிமெயில் கண்ணுக்குத் தெரிவது என்ன? வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வங்கியின் பட்டியலில் இல்லாத ஒரு சர்வர் வந்து நிற்கிறது. எஸ்பிஎஃப் சோதனை தோற்கிறது. டிகிம் கையொப்பம் குலையாமல் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் வழியில் ஏதாவது ஒரு ஃபில்டர் தலைப்பில் 'ஸ்பாம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அந்தக் கையொப்பமும் போயிற்று. 'சோதனையில் தேறாததை நிராகரி' என்று வங்கி டிமார்க்கில் எழுதியிருந்தால் மெயில் உங்களிடம் வந்து சேரவே சேராது. வராத மெயிலை யார் தேடுவார்கள்?

அதோடு முடிவதில்லை. கம்பெனி முகவரிக்கு வரும் குப்பையும் ஃபார்வர்டில் சேர்ந்தே போகிறது. ஜிமெயில் பார்வையில் அந்தக் குப்பையை அனுப்பியது உங்கள் சர்வர். பிறகு நீங்களே வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியல் ஸ்பாமில் விழுகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர் சோதனைகளை இறுக்கிவிட்டன. பத்தாண்டுகளுக்கு முன் எப்படியோ ஓடிய ஏற்பாட்டை இன்றும் யோசனையாகச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

ஃபார்வர்டு வேண்டாம், ஜிமெயிலே மற்ற கணக்குகளிலிருந்து மெயிலை இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்பார்கள். பாப் முறையில் இயங்கிய அந்த வசதியை 2026 ஜனவரி தொடங்கி விலக்கிக்கொள்வதாக கூகுள் அறிவித்துவிட்டது. பல வருடங்களாக அதை நம்பித் தொழில் நடத்தியவர்களுக்கு ஓர் உதவிப் பக்கத்து அறிவிப்புதான் கிடைத்தது. இன்னொருவர் வீட்டில் எல்லாவற்றையும் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இதைவிடக் கொடுமையானதும் நடந்திருக்கிறது. 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, உடம்பு சரியில்லாத தன் சின்னஞ்சிறு குழந்தையை மருத்துவருக்குக் காட்டப் படம் எடுத்தார். கூகுளின் கருவி அதைக் குற்றமாகக் கருதிக் கணக்கை முடக்கியது. காவல்துறை விசாரித்து, குற்றம் ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டது. அதன் பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. பல வருட மெயில், தொடர்பு எண்கள், பிள்ளையின் படங்கள், கூகுளிடமே வாங்கியிருந்த செல்பேசி எண், எல்லாம் அந்த ஒரே கணக்கோடு போயின. எனக்கு இதில் ஆறவே ஆறாதது, அவர் மேல் தப்பில்லை என்று அரசே சொன்ன பிறகும் முறையிட வேறு இடம் இல்லாமல் போனதுதான்.

மாற்று என்ன? சிஃப்ட் என்றொரு கட்டற்ற வெப்மெயில் மென்பொருள் இருக்கிறது. பிஎச்பி ஓடும் சிறிய சர்வரிலும் நிறுவலாம். அதில் உங்கள் கணக்குகளை ஐமேப் வழியாக ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்: ஜிமெயில் ஒன்று, கம்பெனி டொமைன் ஒன்று, கல்லூரி கொடுத்தது ஒன்று. இடப்பக்கப் பட்டியலில் 'படிக்காதவை' என்பதை அழுத்தினால் எல்லாக் கணக்கின் படிக்காத மெயில்களும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்தக் கணக்கு என்ற பெயர் இருக்கும். ஆடிட்டருக்குப் போக வேண்டிய பதிலைச் சொந்த ஐடியிலிருந்து அனுப்பிவிடும் ஆபத்து இதனால் பெரிதும் குறைகிறது. முக்கியமானது இது: ஒரு மெயிலும் இடம் பெயர்வதில்லை. சிஃப்டை நாளைக்கே அழித்தாலும் மெயிலெல்லாம் அதனதன் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் இன்னும் பிரபலமானது. சீபேனல் என்ற கன்ட்ரோல் பேனல் உள்ள ஹோஸ்டிங் வாங்கிய பெரும்பாலோருக்கு அது கூடவே வருகிறது. பணம் கட்டி வாங்கிய பெட்டியை ஒருநாளும் திறக்காமல் ஃபார்வர்டு போட்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். ஒரே உள்நுழைவில் பல கணக்கைப் பார்க்க மட்டும் அதற்குத் தனிச் செருகுநிரல் தேவை.

பாதுகாப்பு பற்றிய எதிர்வாதம் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாத ஓர் ஓட்டை வெளியே வந்தது. ஒரு பயனராக உள்நுழைந்தவர் சர்வரையே கைப்பற்ற அது வழி விட்டது. 1.6.11 பதிப்பில் அடைத்தார்கள். அப்டேட் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே அப்டேட் போட ஆள் இல்லாத இடத்தில் வெப்மெயில் நிறுவக் கூடாது. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் ஐமேப்தான், பல கணக்கும் பார்க்கலாம். ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவரால் இதையும் பார்த்துக்கொள்ள முடியும். 'பாதுகாப்பில்லை' என்று சொல்பவர், நாலு கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டைப் பூட்டாகப் போட்டு ஒரே இடத்தில் கொட்டுவது எந்த வகைப் பாதுகாப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்றே மாற நினைப்பவர்கள் ஒரு வரிசையைக் கவனியுங்கள். ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலில் ஃபார்வர்டை எடுப்பதற்கு முன், அந்த முகவரிக்கு உண்மையான பெட்டி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு வெறும் ஃபார்வர்டு மட்டும்தான் இருக்கும்; அதை எடுத்தால் வரும் மெயில் திரும்பிப் போய்விடும். பெட்டியை உண்டாக்குங்கள், ஐமேப்பில் திறந்து ஒரு சோதனை மெயில் வருகிறதா என்று பாருங்கள், அதன் பிறகு ஃபார்வர்டை நீக்குங்கள். சிஃப்டில் ஜிமெயிலைச் சேர்க்கும்போது உங்கள் வழக்கமான பாஸ்வேர்டை ஜிமெயில் ஏற்காது; இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். பழைய மெயில்கள் ஜிமெயிலிலேயே இருக்கட்டும். அவற்றையும் சிஃப்டிலேயே திறந்து பார்க்கலாம்.