தோளைத் தேய்க்கும் கருவி எதற்கு?

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் என்றதும் எல்லோரும் அவருடைய காதைத்தான் மெச்சுகிறார்கள். தோளையும் மணிக்கட்டையும் பற்றி யாரும் கேட்பதில்லை. கட்டைகள் 88 என்றாலும் கம்பிகள் ஏறத்தாழ 230. ஒவ்வொன்றுக்கும் தனி முறுக்காணி. அத்தனையையும் ஒரே லீவரால், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் திருப்பி முடிக்க வேண்டும். அந்த லீவரை விலை மட்டும் பார்த்து வாங்குவது தவறு.

முறுக்காணி சுமார் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு. அடுக்கடுக்காக ஒட்டிய கெட்டி மரத்துக்குள் அது இறுக்கமாக அறையப்பட்டிருக்கிறது. லீவரை இழுத்தால் மேல்பகுதிதான் முதலில் முறுகும். மரத்துக்குள் இருக்கும் அடிப்பகுதி அசையாமல் நிற்கும். சுருதி ஏறிவிட்டதாகக் காது சொல்லும். கையை எடுத்ததும் இறங்கிவிடும். அடிப்பகுதி எந்த நொடியில் நகர்ந்தது என்பதை உள்ளங்கைதான் கண்டுபிடிக்க வேண்டும். லீவரின் தண்டே வளைந்துகொடுத்தாலோ, தலைப்பகுதி மரையில் கொஞ்சம் ஆடினாலோ அந்த நகர்வு கைக்குத் தெரியாது. தெரியாதபோது ட்யூனர் மீண்டும் மீண்டும் இழுக்கிறார். தேவையில்லாத அந்த இழுப்பெல்லாம் தோளில் போய்ச் சேர்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு. எடை அதற்கு அடுத்தது. கார்பன் ஃபைபர் தண்டுள்ள லீவர்கள் விறைப்பாகவும் இருக்கின்றன, லேசாகவும் இருக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் இதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அது ஆடம்பரம் அல்ல.

தலையின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். கிராண்ட் பியானோவின் இரும்புச் சட்டத்தில் இடிக்காமலிருக்க உயரமான தலை உதவும். ஆனால் உயரம் கூடக்கூட முறுக்காணி திரும்புவதற்குப் பதில் பக்கவாட்டில் வளையத் தொடங்கும். இடிக்காதவற்றில் எது குட்டையோ அதை எடுப்பதே நல்லது.

அப்ரைட் பியானோவில் சிரமம் வேறு மாதிரி. கையைத் தூக்கியபடியே வேலை பார்க்க வேண்டும். இதற்கென்றே கனமான இம்பாக்ட் லீவர்கள் வந்திருக்கின்றன. மணிக்கட்டைச் சற்றே சொடுக்கினால் போதும், கருவியின் எடையே முறுக்காணியைத் தட்டி நகர்த்திவிடும். பழக நாளாகும் என்பதற்காக இதை ஒதுக்கிவிடக் கூடாது.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். மழைக்காலத்து ஈரப்பதத்தில் ஒலிப்பலகை உப்பிக் கம்பிகளை இறுக்குகிறது. வெயில் ஏறிக் காற்று உலர்ந்தால் தளர்கிறது. சுருதி வெகுவாக விலகிய பியானோவில் 230 கம்பிகளையும் இரண்டு சுற்று பார்க்க வேண்டியிருக்கும்.

இசைக்கருவிக் கடைகள் ட்யூனரின் கையில் லீவரைக் கொடுத்து, கடையிலுள்ள பியானோவில் ஒரு ஸ்வரக் கட்டையின் மூன்று கம்பிகளையாவது சேர்த்துப் பார்க்க விட வேண்டும். கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, முனை முறுக்காணியில் ஆடாமல் உட்காருகிறதா என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.