பழுதடைந்த முச்சக்கரவண்டியும் ஊரின் பொறுப்பும்

எமது கிராமங்களின் கால்கள் இன்று முச்சக்கரவண்டிகளே என்று சொன்னால் அது மிகையாகாது. பேருந்து நுழையாத ஒழுங்கைகளுக்குள் அது நுழைகின்றது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுகின்றது. நண்பகலில் மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு போகின்றது. நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் தாயை வைத்தியசாலையில் சேர்க்கின்றது. நாடு முழுவதிலும் பதிவு செய்யப்பட்ட முச்சக்கரவண்டிகளின் தொகை 10 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்று மக்கள் மீளக்குடியமர்ந்த பின்னர் வன்னியிலும் எத்தனையோ இளைஞர்கள் லீசிங் கடனில் வண்டி எடுத்து அதையே தம் பிழைப்பாக்கிக் கொண்டார்கள்.

இந்த வண்டிகளுக்கு வயது ஏறிக்கொண்டு போகின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளி முழுவதிலும் பழைய வண்டிகளே திருத்தித் திருத்தி ஓட்டப்பட்டன. பழைய வண்டி என்றால் நடுவழியில் நிற்கும். நின்ற வண்டியைக் கராஜுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கேள்வி மட்டும் எமது சங்கக் கூட்டங்களில் எழுவதேயில்லை. சின்ன விடயம்தானே என்று ஒதுக்கி விடுகின்றோம். சின்ன விடயத்திலேதான் ஒருவனுடைய காலும் ஒரு குடும்பத்தின் சோறும் போகின்றன என்பதனாலேயே இதை எழுத விழைகின்றோம்.

காலால் தள்ளும் உதவி

வீதியில் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. பழுதான ஓட்டோவுக்குப் பின்னால் இன்னொரு ஓட்டோ வரும். பின்னால் வருபவர் தன் ஒரு காலை வெளியே நீட்டி, முன் வண்டியின் பின்புறத்தில் மிதித்துக்கொண்டு ஓட்டுவார். இரண்டு வண்டிகளும் ஒன்றாக நகரும். காசு செலவில்லை, தொழில் தோழனுக்குத் தோழன் செய்யும் உதவி. அந்த நல்ல மனதை நாம் பழிக்கவில்லை. ஆனால் முன் வண்டிக்காரர் ஒரு மாட்டுக்காகவோ குழிக்காகவோ திடீரெனப் பிறேக் பிடித்தால், இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் அகப்படுவது ஒரு மனிதக் கால். பின்னால் வருபவரும் ஒற்றைக் காலோடும், பாதிக் கவனத்தோடும்தான் தன் வண்டியைக் கட்டுப்படுத்துகின்றார்.

கயிறு கட்டி இழுப்பது அதைவிட மேலானது என்று நினைப்பவர்களும் உளர். கயிறு தளர்ந்து தளர்ந்து வெட்டி இழுக்கும். வளைவிலே முன்னுக்குச் செல்லும் வாகனம் பக்கவாட்டில் இழுக்கும்போது, முன்னால் ஒரே சக்கரம் கொண்ட வண்டி இலகுவில் கவிழும். நூறு மீற்றர் தூரத்துக்கு, வீதியோரமாக, மெதுவாகத் தள்ளிச் செல்வதை எவரும் குறை கூறப்போவதில்லை. மாங்குளத்திலிருந்தோ பரந்தனிலிருந்தோ மைல் கணக்கில், லொறியும் பேருந்தும் விரையும் பெருந்தெருவில் இதைச் செய்வதைத்தான் நாம் கண்டிக்கின்றோம்.

ஆகவே, நின்ற இடத்தில் திருத்த முடியாத வண்டியை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிச் செல்வதே முறை. உழவு இயந்திரம் இல்லாத ஊர் எம்மிடையே அரிது. ஆனால் ஏற்றிவிட்டோம், ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று எண்ணுவது பெரும் தவறு. தவறாக ஏற்றப்பட்ட வண்டி, வீதியில் நின்ற வண்டியைவிட ஆபத்தானது.

ஏற்றுவதிலே கவனம்

முதலில் பெட்டியை அளந்து பார்க்க வேண்டும். முச்சக்கரவண்டி ஏறக்குறைய எட்டரை அடி நீளமும் நாலேகால் அடி அகலமும் உடையது. பாரம் மாதிரிக்கு ஏற்ப 300 முதல் 400 கிலோ வரை இருக்கும். லான்ட்மாஸ்ரரின் சிறிய பெட்டிக்குள் இது அடங்குவது கடினம். அடங்காததைத் திணித்து, பின்கதவைத் திறந்து, பின்சக்கரங்கள் விளிம்பில் தொங்க ஏற்றுவதைவிட நாலு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டிக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பது மேல்.

பெட்டியை இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்து ஏற்றவே கூடாது. ஒற்றை அச்சுப் பெட்டியின் பின்நுனியில் பாரம் ஏறியவுடன் முன்பக்கம் மேலே எழும்பும். கொழுவியிருக்கும்போதுகூடப் பின்பக்கத்துக்கு ஒரு மரக்குற்றியை முட்டுக் கொடுப்பது அவசியம்.

அடுத்தது பலகை. இரண்டு பலகைகளை வைத்துவிட்டு, நடுவில் வரும் முன்சக்கரத்தை நாலு பேர் தூக்கிப் பிடிப்பதே வழக்கமாக நடக்கின்றது. விரல் நசுங்குவதும் முதுகு பிடிப்பதும் அந்த இடத்தில்தான். மூன்று சக்கரத்துக்கு மூன்று பலகை வேண்டும். அவை வழுக்கி விழாதபடி பெட்டியின் விளிம்போடு கட்டப்பட வேண்டும்.

பலகையின் நீளத்துக்கும் தள்ளுகின்ற பாரத்துக்கும் உள்ள கணக்கைச் சற்றுப் பாருங்கள். பெட்டியின் தளம் மூன்றடி உயரம், பலகை ஒன்பது அடி, வண்டி 350 கிலோ என்றால், அதை மேலே தள்ள ஏறக்குறைய 117 கிலோ விசை வேண்டும். அதே பலகையோடு பெட்டியை ஒரு மேட்டுக்கோ குளக்கட்டின் சரிவுக்கோ பின்புறமாகக் கொண்டு போய், உயரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் 58 கிலோவே போதும். புத்தியும் ஒரு மண்மேடும் நாலு பேருடைய பலத்தைவிடப் பெரியவை.

எந்தப் பக்கத்தை முன்னால் விட்டு ஏற்றுவது? முச்சக்கரவண்டியின் எஞ்சின் பின் இருக்கைக்குக் கீழே உள்ளது. பாரத்தின் பெரும்பகுதி பின்னால்தான். மூக்கை முன்னே விட்டு ஏற்றினால் அந்தப் பாரம் பெட்டியின் வால்பக்கம் போய்விடும். அப்போது பெட்டியின் ஏர்க்கால் மேல்நோக்கி இழுக்க, உழவு இயந்திரத்தின் பின்சக்கரங்கள் நிலத்தைப் பிடிக்கும் வலுவை இழக்கும். ஆகவே வண்டியின் பின்புறத்தை முன்னால் விட்டு ஏற்றி, எஞ்சின் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னே அமையும்படி நிறுத்துவது நன்று. ஏற்றும்போது கியர் நடுநிலையில் இருக்கட்டும். இருவர் மேலிருந்து கயிற்றால் இழுக்க, மற்றவர்கள் பக்கங்களில் நின்று தள்ளட்டும். வண்டிக்கு நேர் கீழே எவரும் நிற்கலாகாது. ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் சக்கரத்துக்குக் கீழ்ப்புறம் ஆப்பு வைத்துக்கொண்டே வரவேண்டும். வண்டிக்குள் எவரும் ஏறியிருத்தல் ஆகாது.

கட்டுவதிலே கவனம்

முக்காலி ஆடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் இரு கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பில் ஒருவர் அமர்ந்தால் அது கவிழ்ந்துவிடும். முச்சக்கரவண்டியும் அவ்வாறே. பெட்டி ஒரு குழியில் விழுந்து சரியும்போது, ஒற்றைச் சக்கரம் உள்ள மூலைப்பக்கமாக வண்டி சாயப் பார்க்கும். ஆகையால் நடுவால் ஒரு கயிறு போட்டுக் கட்டுவது பயன்தராது. நாலு மூலைகளுக்கும் நாலு கட்டு வேண்டும்.

பாரம் கட்டுவதில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கணக்கு உண்டு. பிறேக் பிடிக்கும்போது முன்னோக்கித் தள்ளும் விசைக்காகப் பாரத்தின் எடையில் நூற்றுக்கு 80 பங்கையும், பக்கங்களுக்கும் பின்னுக்கும் பாதியையும் தாங்கும்படி கட்ட வேண்டும். 350 கிலோ வண்டிக்கு முன்னோக்கி 280 கிலோ, மற்றைய திசைகளில் 175 கிலோ. பழைய தும்புக் கயிறு இதற்கு ஏற்றதன்று. நைலோன் கயிறு அறாவிட்டாலும் இழுபட்டு நீளும், முடிச்சும் இளகும். இறுக்கியுடன் வரும் அகலப் பட்டிகள், லொறிக்காரர் பெல்ற் என்று சொல்பவை, கடைகளில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் குறைந்தது 500 கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்ட நாலு பட்டிகள் இருந்தால் போதும்.

பட்டியை எங்கே கொழுவுவது என்பதும் முக்கியம். கைப்பிடி, முன்கண்ணாடிச் சட்டம், கூரைக் கம்பி ஆகியவற்றில் கட்டினால் அவை வளையுமே தவிர வண்டியைப் பிடித்து நிறுத்தா. வண்டியின் அடிச்சட்டத்திலும் பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளிலும் கட்டவேண்டும். மறுமுனை பெட்டியின் இரும்புச் சட்டத்தில் இருக்கவேண்டுமேயன்றிப் பக்கப் பலகையில் அன்று. முன்சக்கரத்தின் இருபுறமும் மரக்கட்டை வைத்துத் தளத்தோடு ஆணி அறைந்துவிடுதல் நல்லது. பின்னர் கைப்பிறேக்கை இழுத்து, கியரில் போட்டு, பெற்றோல் குழாயைப் பூட்டி, பற்றரி வயரைக் கழற்றிவிட வேண்டும்.

புறப்பட்டு இரண்டு கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்திப் பட்டிகளைப் பார்க்கவேண்டும். வண்டியின் ஸ்பிரிங்குகள் குலுங்கக் குலுங்க முதல் இறுக்கம் தளர்ந்துவிடும். பெட்டியின் மேல் நிற்கும் ஓட்டோவின் கூரை நிலத்திலிருந்து ஒன்பது அடிக்குக் கிட்ட வரும். ஒழுங்கைகளில் தாழத் தொங்கும் மின்கம்பிகளையும் கிளைகளையும் கவனிக்க வேண்டும். ஏற்றிய வண்டிக்குள் பிள்ளைகளை இருத்தி வேடிக்கை காட்டுவது கூடவே கூடாது. பின்விளக்கு இல்லாத பெட்டியோடு இரவில் வீதிக்கு வருவது பின்னால் வருபவனுக்குச் செய்யும் துரோகம். சிவப்பு ஒளிதெறிப்பிகள் இரண்டையாவது பொருத்துங்கள். இயலுமாயின் விடியும்வரை பொறுங்கள்.

யாருடைய பொறுப்பு?

“அவசரத்தில் நிற்பவனிடம் பட்டியும் பலகையும் கேட்பதா? அன்றாடம் உழைத்து லீசிங் கட்டுபவன் இவற்றையெல்லாம் வாங்கி வைப்பானா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அதனால்தான் இதைத் தனி ஒருவனின் தலையில் கட்டக்கூடாது என்கின்றோம். நாலு பட்டி, மூன்று பலகை, நாலு ஆப்பு, இரண்டு ஒளிதெறிப்பி. ஒரு தரிப்பிடத்தில் நிற்கும் பத்து, பன்னிரண்டு சாரதிகள் பங்கிட்டால் ஒருவருக்கு வரும் செலவு பெரிதன்று. முச்சக்கரவண்டிச் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, கிராம அபிவிருத்திச் சங்கமோ அவற்றை வாங்கி, பொதுவான ஓர் இடத்தில் வைத்து, எடுப்பவர் கையொப்பமிட்டு எடுத்து மீண்டும் ஒப்படைக்க ஒழுங்கு செய்யலாம். மரணச் சடங்குக்குக் கதிரையும் தகரக் கொட்டகையும் சங்கத்தில் வைத்திருக்கும் எமது ஊர்களுக்கு இது புதிய முறையன்று.

உழவு இயந்திரக்காரருக்கும் நியாயம் செய்யவேண்டும். இரவில் அழைத்தால் வருகின்ற மனிதருக்கு எண்ணெய்க் காசாவது கொடுக்காமல் “உதவிதானே” என்று அனுப்புவது அழகன்று. ஒரு நியாயமான கட்டணத்தைச் சங்கமே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டால் பேரமும் மனத்தாங்கலும் எழா. வழியில் சேதம் ஏற்பட்டால் அதை யார் ஏற்பது என்பதையும் ஏற்றுவதற்கு முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். இவற்றைப் பேசாமல் விட்டதனால் ஒரே ஊரில் இரு குடும்பங்கள் முகம் பாராமல் இருக்கும் நிலை எதற்கு?

ஒரு முச்சக்கரவண்டி பெட்டியிலிருந்து உருண்டு விழுந்தால் நொறுங்குவது தகரம் மட்டுமன்று. கடன் தவணை அப்படியே நிற்கும். உழைக்கும் கருவி இராது. வண்டி போன பின்னும் கடன் கட்டும் வீடு எப்படி இருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். கூட்டம் முடிந்தபின் ஒரு பெட்டியையும் ஒரு வண்டியையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து, ஏற்றிக் கட்டி இறக்கிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கை பழகிய வேலை, நள்ளிரவில் தானாக வரும்.