சோம்பல் என்று தீர்ப்பளிக்கும் முன்



ஜும்ஆவில் இமாம் குத்பாவைத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தலை தொங்கிவிடும் மனிதரை நாம் அனைவரும் கண்டிருப்போம். இளைஞர்கள் சிரிப்பர், பெரியவர்கள் முகம் சுளிப்பர். வீட்டிலோ, "இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கியும் சுப்ஹுக்கு எழ மனமில்லை" என்ற ஏச்சு. சோம்பல், ஈமானின் பலவீனம் என்று அவர்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அவர் இரவில் உண்மையில் உறங்கினாரா என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது, சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு அவரை அரைகுறையாக எழுப்புகிறது. ஸ்லீப் ஆப்னியா எனப்படும் இந்நோய் கடுமையாக இருப்போருக்கு, மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைபடும். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை! இத்தகையவருக்குப் பகலில் அசதி ஏற்படுவதில் வியப்பில்லை. இரத்த அழுத்தம் உயரலாம். வாகனம் ஓட்டுபவராயின் உயிருக்கே ஆபத்து.

நோயாளி தன் குறட்டையைத் தானே கேட்பதில்லை. மூச்சு நின்றதும் திணறியதும் அவருக்கு நினைவிலிருப்பதில்லை. அருகில் உறங்கும் மனைவியும் மக்களுமே சாட்சிகள். அவர்கள் ஏசுவதை விடுத்து, கண்டதை மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

உறக்கப் பரிசோதனை மூலம் நோய் உறுதியானால், முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியே பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படும். கடுமையான நோய்க்கு அதுவே சிறந்தது. ஆயினும் சிலரால் அதனை அணிந்து உறங்க இயலுவதில்லை. சில நாளில் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சிகிச்சையையே கைவிடுகின்றனர். அத்தகையோருக்குப் பல் மருத்துவத்தில் ஒரு வழி உண்டு. மேல், கீழ்ப் பற்களின் அச்செடுத்துச் செய்யப்படும் கருவி, இரவில் கீழ்த்தாடையைச் சற்று முன்னோக்கி நிறுத்துகிறது. நாக்கும் அதனுடன் முன்வர, மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. சிபேப்பை ஏற்க இயலாத பெரியவர்களுக்கு இக்கருவியை அமெரிக்காவின் உறக்க மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

எனினும் பரிசோதனையின்றி, குறட்டையை நிறுத்தும் என்று கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுவதை வாங்கி மாட்டிக்கொள்வது நலமன்று. ஓசை அடங்கலாம், நோய் உள்ளேயே இருக்கலாம். பற்கள் உறுதியாக இருக்கின்றனவா என்பதைப் பல் மருத்துவர் பார்க்க வேண்டும். தாடை வலி, உமிழ்நீர்ப் பெருக்கு, காலப்போக்கில் கடியில் மாற்றம் ஆகியவை ஏற்படலாம் என்பதால் தொடர் கண்காணிப்பும் தேவை. கருவி பயனளிக்கிறதா என்பதை மீண்டும் ஓர் உறக்கப் பரிசோதனையால் அறிந்துகொள்ள வேண்டும். உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மதரஸா வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளைகளையும் நாம் இக்கண்கொண்டே நோக்க வேண்டும். பெரிதான டான்சில், அடினாய்டு சதைகளால் சிறாருக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்களுக்குரிய சிகிச்சை வேறு; பிரம்பு நிச்சயமாக அதுவன்று.

தொழுகையில் கண் அயர்பவர் உறக்கம் தெளியும்வரை படுத்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அயர்ந்தவரைப் பழிக்காத மார்க்கம் நம்முடையது. உறங்கியும் உறக்கம் தெளியாதவருக்கு மருத்துவத்தின் வாசலைக் காட்டுவதும் அவ்வழியில் நடப்பதே. நோயைப் படைத்த இறைவன் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பது நம் நம்பிக்கையல்லவா?

இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டை ஒலி திடீரென நின்று, பின் திணறலுடன் மீண்டும் எழுமாயின், அதனைச் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். விடிந்ததும் அவரிடம் அன்போடு எடுத்துச் சொல்லி, மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அமைதியான உறக்கத்தையும், உற்சாகமான விழிப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.